பதினேழாம் பாத்திப் புல்

எங்கள் தீவனப்புல் ஆராய்ச்சிப் பண்ணையில் புல்லை அறுத்து, எடை போட்டு, தூர்களை எண்ணும் வேலை தராசுக்காரருடையது. விருந்துக்குப் போனாலும் அந்த வீட்டு வாசல் புல்லைக் கிள்ளி மென்று பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். நான் அங்கே டிராக்டர் ஓட்டுகிறவன். அவர் தங்கையைக் கட்டியவன்.

அந்த வருடம் நாற்பது பாத்திகளில் நாற்பது கலப்பினப் புற்கள். பதினேழாவதுதான் ராஜா: ஆளுயரம், அகன்ற இலை, மெல்லிய தண்டு. விஞ்ஞானி அம்மாவின் ஆறு வருட உழைப்பு அது. தேறாத பாத்திகளை உழுதுவிடச் சொல்லி என்னிடம் எண்களைத் தந்தார். எங்கள் வயலில், வரிசைக்குப் பத்துப் பாத்தியாக, எண்கள் பாம்பு மாதிரி வளைந்து போகும். முதல் வரிசை இடமிருந்து வலம், அடுத்தது வலமிருந்து இடம். விடுப்பு முடிந்து வந்த மிதப்பில் நான் இரண்டாம் வரிசையையும் இடமிருந்தே எண்ணிவிட்டேன். பதினான்கு என்று நினைத்துப் பதினேழை உழுதேன்.

அது விதை பிடிக்காத புல். தண்டை வெட்டிய கரணையை நட்டுத்தான் வளர்க்க வேண்டும், கரணையெல்லாம் சுக்குநூறு. அம்மா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது.

தராசுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. எங்க வீட்டுல, துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னாடி இந்தப் புல்லு கொஞ்சம் நிக்குது."

பண்ணையிலிருந்து நடுவதற்கென்று ஒரு கரணை வெளியே போனாலும் வேலை போய்விடும். என் தப்புக்கு அவர் தன் தலையைக் கொடுத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் வீட்டுப் புல்லின் இலையை மரபணு சோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது: அச்சு அசல் பதினேழு.

அம்மா எங்களை அறைக்குக் கூப்பிட்டார்.

"நாப்பது பாத்தி இருக்க, இதை மட்டும் ஏன் எடுத்தீங்க?"

"எடை போட்ட புல்லை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்வீங்கல்ல? ஒவ்வொண்ணா மாட்டுக்குப் போட்டுப் பாத்தேன். இதைத் தவிர மத்ததை அது மோந்துகூடப் பாக்கலம்மா. ஆசைப்பட்டு ரெண்டு கரணை நட்டுட்டேன்."

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு பதிவேட்டைத் திறந்தார். 'கால்நடை விருப்பம்' என்ற கட்டம் ஆறு வருடமாகக் காலியாகவே கிடந்தது. அதில் 'மிக நன்று' என்று எழுதினார்.

"மதிப்பிட்டவர் கையெழுத்து வேணும். உங்க மாடு போடாது, நீங்கதான் போடணும். வேலையை விட்டுப் போனவர் கையெழுத்து செல்லாது. அதனால நாளைக்கும் வந்துருங்க."