உப்புத் தண்ணீரும் பதினைந்துக்கு நாலும்

போன வருடம் பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் நடந்தது இது. தூத்துக்குடி மில்லர்புரத்தில் எங்கள் வீடு. நான் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறேன். படித்தது எட்டாம் வகுப்பு வரைதான். என் மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. மீன்வளம் படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதற்கு வேதியியல் மார்க் ரொம்ப முக்கியம் என்பார்கள்.

அரசுப் பரீட்சைக்கு முன்னால் பள்ளியிலேயே ஒரு மாதிரிச் செய்முறைத் தேர்வு வைப்பார்கள். ஆளுக்கு ஒரு சிட்டிகை உப்பு கொடுப்பார்கள். சாப்பாட்டு உப்பு இல்லை. வேதியியலில் உப்பு என்றால் அதில் பல வகை உண்டாம். தங்களுக்கு வந்தது எந்த வகை என்று பிள்ளைகள் சோதித்துச் சொல்ல வேண்டும். என்ன செய்தேன், என்ன பார்த்தேன், அதிலிருந்து என்ன தெரிகிறது என்று ஒவ்வொரு சோதனைக்கும் எழுத வேண்டும்.

என் மகள் பதினைந்துக்கு நாலு மார்க் வாங்கி வந்தாள். எப்போதும் நன்றாகப் படிக்கிறவள். அன்று சாப்பிடவே உட்காரவில்லை. கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அவள் வரிசையில் எல்லோருக்கும் ஒரே உப்பு, நைட்ரேட். எல்லோரும் அதைச் சரியாக எழுதியிருக்கிறார்கள். இவள் மட்டும் குளோரைடு என்று எழுதியிருக்கிறாள். உப்பைக் கரைத்து, சில்வர் நைட்ரேட் என்ற மருந்தைச் சொட்டு விட்டால் பால் திரிந்த மாதிரி வெள்ளையாக வருவதுதான் குளோரைடுக்கு அடையாளமாம்.

"எல்லாரும் எழுதுனத நீயும் எழுதிட்டு வர வேண்டியதானளா? உனக்கு மட்டும் தனிக் கண்ணா வச்சிருக்கு?" என்றாள் என் மனைவி.

"எனக்கு வெள்ளையாத்தாம்மா வந்துச்சு. வந்தத வரலைன்னு எப்படி எழுத?"

பிறகு மகள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இனிமே நான் ஒண்ணும் செஞ்சு பார்க்கப் போறதில்லப்பா. போன வருசத்து அக்காமாரு உப்போட நிறத்தப் பார்த்தே இது இன்னதுன்னு சொல்லிருவாங்க. அதக் கேட்டு மனப்பாடம் பண்ணிக்கிடுதேன்."

மார்க் போனது எனக்குப் பெரிதாகப் படவில்லை. இந்தப் பேச்சுதான் உறுத்தியது. தன் கண்ணால் பார்த்ததை நம்பக் கூடாது என்று ஒரு பிள்ளை பதினேழு வயதில் முடிவு செய்தால், அப்புறம் அவள் என்ன படித்து என்ன?

மறுநாள் லோடு ஏற்றப் போகும் முன் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வேதியியல் ஆசிரியை தாமிரபரணிக் கரையில் ஒரு நெல் விளைகிற கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். கையில் திருத்திய தாள் கட்டோடு நின்றிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி. மார்க் விசயமா?"

"மார்க் கேட்டு வரல டீச்சர். வெள்ளையாப் பார்த்தேன்னு பிள்ள சொல்லுதா. அது பொய்யின்னா நான் கண்டிக்கணும். நெசம்னா நீங்க அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். எதுன்னு எனக்குச் சொல்லத் தெரியல."

அவருக்குக் கோபம் வரவில்லை. "விடை தப்பா இருந்தா, பார்த்ததா எழுதியிருக்கதும் கதைதான்னு எடுத்துக்கிடுவோம் அண்ணாச்சி. நெறைய பிள்ளைக அப்படித்தான் எழுதுதாங்க," என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, மகளைக் கூப்பிட்டனுப்பினார். மூவரும் ஆய்வகத்துக்குப் போனோம்.

"அன்னைக்கு எப்படிச் செஞ்சியோ, அப்படியே செய். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மகள் ஆரம்பித்தாள். உப்பை எடுத்துச் சோதனைக் குழாயில் போட்டாள். மூலையில் இருந்த குழாயடிக்குப் போய்த் தண்ணீர் பிடித்தாள்.

"ஏம்மா, அங்கனயா பிடிச்ச?" என்றார் ஆசிரியை.

"கேன்ல காய்ச்சி வடிச்ச தண்ணி தீர்ந்துட்டு டீச்சர். எங்க வரிசை முழுக்க இங்கனதான் பிடிச்சோம்."

ஆசிரியை வேறொரு சோதனைக் குழாயை எடுத்தார். உப்பே போடவில்லை. வெறும் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, அதில் அந்த மருந்தைச் சொட்டு விட்டார். பால் ஊற்றினது போல வெளுத்துவிட்டது.

எங்கள் ஊர்த் தண்ணீர் கரிக்கும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குடிக்க ஒரு தண்ணீர், குளிக்க ஒரு தண்ணீர் என்று பிரித்து வைத்துத்தான் பிழைப்பு நடத்துகிறோம். தலைக்குச் சோப்பு நுரைக்காது. அவ்வளவு பழகிப் போனதால்தான், அந்த உப்பும் ஒரு குளோரைடுதானே, அதுவும் சோதனைக் குழாய்க்குள் வருமே என்று அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆசிரியை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தாள் கட்டைப் பிரித்து அந்த வரிசைப் பிள்ளைகளின் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாவற்றிலும் அந்தச் சோதனைக்கு எதிரே 'ஒன்றும் வரவில்லை' என்றே இருந்தது. அந்தத் தண்ணீரில் செய்திருந்தால் அத்தனை பேருக்கும் வெள்ளை வந்திருக்க வேண்டும். பார்த்ததை யாரும் எழுதவில்லை.

என் மகளுக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் சந்தோஷப்படவில்லை, பயந்தாள். "அவங்களுக்கு மார்க்கக் குறைச்சிராதீங்க டீச்சர். நாந்தான் மாட்டி விட்டேன்னு என்கூடப் பேச மாட்டாளுக."

"அவங்களுக்கு எதுக்குக் குறைக்க? விடை சரியா இருந்ததும் மேல எழுதியிருந்தத நான் வாசிக்கவே இல்ல. உன் விடை தப்பா இருந்ததும் உன்னதும் வாசிக்கல," என்றார். சொல்லிவிட்டு மகளின் தாளை எடுத்து, எங்கள் முன்னாலேயே முதலிலிருந்து வாசித்தார். செய்ததற்கும் பார்த்ததற்கும் மார்க் போட்டார். கடைசி விடைக்குப் போடவில்லை. "நைட்ரேட்ட குளோரைடுன்னு எழுதுனது தப்புதான். அதுக்குக் கிடையாது. சரியா?" மகள் தலையாட்டினாள். நாலு ஒன்பதானது. அந்த ஒன்பதை அவள் பார்த்த மாதிரி, நூற்றுக்கு நூறு வாங்கிய நாளிலும் பார்த்ததில்லை.

மறுவாரம் காய்ச்சி வடித்த தண்ணீர் வைத்து, வரிசை முழுவதையும் திரும்பச் செய்ய வைத்தார். இந்தத் தடவை பார்த்ததற்குத் தனி மார்க், விடைக்குத் தனி மார்க் என்று முதலிலேயே சொல்லிவிட்டாராம். தோழிகள் இவளை "ஏளா குளோரைடு" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "உன்னால எங்களுக்கு ரெட்ட வேலை" என்று ஒருத்தி நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் செய்முறை வகுப்பில் அவளே சோதனைக் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்து, "லேசா வெள்ளையாத் தெரியுது, உனக்குத் தெரியுதா?" என்று கேட்டிருக்கிறாள். இருவரும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்களாம்.

இதைப் படிக்கிற பிள்ளைகளே, உங்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய படிப்பு இல்லை. விடை தப்பாகவும் அதைச் சொன்ன பிள்ளை உண்மையாகவும் இருக்க முடியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. மார்க் போடுகிறவர்கள் திரும்ப ஒரு தடவை பார்க்க மனசு வைப்பார்கள் என்பதும் அன்றுதான் தெரிந்தது. இப்போதெல்லாம் வீட்டில் யார் எதைச் சொன்னாலும், தப்பு என்று வாயெடுக்கும் முன், நீ என்ன பார்த்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்.