தரைக்கு இஸ்திரி போட்டேன்

காலையிலிருந்து யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போல இருக்கிறது. பள்ளம் போயே போய்விட்டது!

திருப்பதியில் என் மகன் வீட்டு ஹாலில் மரத்தரை. போன வாரம் கிரைண்டர் குழவி என் கை நழுவி விழுந்து, அதில் ஒரு பள்ளம்.

"பலகையையே மாத்தணும் நைனா. நீ ஒண்ணும் தொடாத" என்றான். அன்றிலிருந்து ஒரு டம்ளரைக்கூட என்னை எடுக்க விடவில்லை.

இன்று அவன் ஆள் கூட்டிவரப் போயிருந்தான். நான் பள்ளத்தின்மேல் ஈரத்துணியை விரித்து, சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்து வைத்து எடுத்தேன். மேல் அடுக்கு நிஜ மரம்தானே, ஆவி பட்டால் உப்பாதா? ஆறாவது தடவையில் உப்பியது! விரலுக்குக்கூடத் தட்டுப்படவில்லை.

வந்த ஆள் முட்டி போட்டு, பள்ளம் எங்கே என்று தேடினார். "டேமேஜ் எக்கட சார்?"

மருமகள் சிரித்தாள். "மாமா இஸ்திரி போட்டுக்கினு இருந்தாரு. தரைக்கு!"

மகன் குனிந்து பார்த்தான். "அப்போ சின்னப் பள்ளம்தான் போல. நான்தான் பெருசா நெனச்சிக்கினேன்."

சின்னதா?

குழவி சமையலறையில்தான் இருக்கிறது. இன்னொரு முறை போட்டுக் காட்டட்டுமா? நீங்களே சொல்லுங்கள்.