பல் பதிந்த திருப்புளி

அண்ணியின் திருப்புளி ஒரு முழ நீளம் இருக்கும். மஞ்சள் பிளாஸ்டிக் கைப்பிடியில் வரிசையாகப் பல் தடங்கள். பார்க்கிறவர்கள் நாய் கடித்ததா என்று கேட்பார்கள். அண்ணி கடித்தது என்று சொன்னால் சிரிப்பார்கள், நான் சிரிக்க மாட்டேன்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே ஜொகூர் பாருவை அடுத்த செனாயில் தகடு அடிக்கும் தொழிற்சாலையில் பல வருடம் நின்றவர். அந்த இயந்திரங்கள் அவருடைய இடது காதை முழுதாக வாங்கிக்கொண்டன. வலது காது மட்டும் மிச்சம். அதையாவது காப்பாற்ற வேண்டும் என்றுதான் அண்ணன் ஒரு பழைய படகை வாங்கினார். எஞ்சின் படகுக்குள்ளே இருக்கும். விசிறி பூட்டிய கால் மட்டும் பின்சுவருக்கு வெளியே தண்ணீரில் தொங்கும். கோத்தா திங்கி ஊருக்குக் கீழே, ஆற்று முகத்துவாரம் வரை தூண்டில் போடுகிறவர்களை ஏற்றிப்போவது அண்ணியின் வேலை. ஓட்டுவதும் அவர்தான்.

ஒரு தைப்பூசத்துக்கு முன்னால் படகு உறுமத் தொடங்கியது. மெக்கானிக் வந்தார், மூடியைத் திறந்து நின்றவாறே சத்தத்தைக் கேட்டார், எஞ்சினின் அடிப்பாகமே போய்விட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் அன்று மாலையே முடிவுக்கு வந்துவிட்டார்.

"எஞ்சின் முடிஞ்சிருச்சு லா. படக வித்துடலாம். நீ பழைய வேலைக்கே போயிரு."

பழைய வேலை என்றால் அந்தத் தகடு இயந்திரம்தான். மிச்சமிருக்கும் காதையும் கொண்டுபோய்க் கொடுப்பதுதான். மறுநாள் காலை அண்ணி படகை இழுவை வண்டியில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவரச் சொன்னார். காலின் இரு பக்கமும் தோட்டக் குழாயைப் பொருத்தி, சூடாகாமலிருக்கத் தண்ணீர் விட்டு எஞ்சினைக் கிளப்பினோம். ஃபைபர் படகு ஒரு பெரிய அண்டா மாதிரி. எங்கே சத்தம் பிறந்தாலும் மொத்தப் படகும் சேர்ந்து கத்தும். நல்ல காது உள்ளவனுக்கு அங்கே ஒன்றும் பிடிபடாது. எனக்கும் பிடிபடவில்லை.

அண்ணி திருப்புளியின் கைப்பிடியைப் பற்களுக்கிடையே கவ்வி, முனையை எஞ்சின்மேல் வைத்தார்; அதிர்வு கம்பி வழியாகப் பல்லுக்கே வந்துவிடும். முன்பக்கம் ஆல்டர்னேட்டர், தண்ணீர் பம்பு, எஞ்சினின் இடுப்பு என்று ஒவ்வோர் இடமாக நிதானமாக நகர்ந்தார். தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்: இல்லை, இல்லை. பின்சுவரில், சுழல் தண்டு வெளியே போகும் இடத்துக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். ஸ்டீரிங்கைத் திருப்பும்படி எனக்குக் கையைக் காட்டினார். இடப்பக்கம் முழுதாகத் திருப்பினேன்; பின்னால் காலும் சேர்ந்து திரும்பியது. அவருடைய தாடை நடுங்குவது எனக்கே தெரிந்தது.

"எஞ்சின் நல்லாருக்கு," என்றார். "பின்னால பேரிங்தான் அழுவுது."

காலைக் கழற்றினோம். தண்டை மூடியிருந்த மடிப்பு ரப்பருக்குள்ளிருந்து துருத் தண்ணீர் ஒரு குவளை அளவுக்குக் கொட்டியது. பேரிங்குக்குள் விரலை விட்டுச் சுற்றினால் மணல் அரைப்பதுபோல் கரகரத்தது. ரப்பரின் அடிப்பக்கம் ஒரு கீறல். நைந்து கிழிந்ததல்ல, நேர்கோடாக வெட்டு. யார் இதை வெட்டியது என்று அண்ணன் கேட்டார்.

எனக்குத் தெரியும். ஆயுத பூசைக்குப் படகைக் கரையேற்றியபோது, சந்தனப் பொட்டு ஒட்டவேண்டுமே என்று காலில் அப்பியிருந்த சிப்பிகளைப் பெயிண்டு சுரண்டும் தகட்டால் சுரண்டியவன் நான். பக்தி மிகுந்து ரப்பரையும் சுரண்டினேன். நசுக்குவதற்குப் படகில் சக்கரம் இல்லையே என்று எலுமிச்சம்பழத்தை இழுவை வண்டியின் சக்கரத்தடியில் வைத்ததும் நான்தான். அத்தனை பூசையும் செய்து அண்ணியின் பிழைப்பை அறுத்து வைத்திருக்கிறேன்.

அண்ணன் குழாயைச் சுருட்டிவைக்கப் போன நேரத்தில் அண்ணியின் அருகே போய், "நான்தான் அண்ணி" என்றேன். இடது காதுப் பக்கமாக நின்று, மெதுவாக. சொன்னதாகவும் இருக்கவேண்டும், அவருக்குக் கேட்கவும் கூடாது. அவ்வளவுதான் என் தைரியம்.

அண்ணி தலை நிமிராமல் ரப்பரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க தம்பி."

சுற்றி வந்தேன். வலது காதருகே எல்லாவற்றையும் சொன்னேன். திரும்பி வந்த அண்ணனுக்கும் கேட்கும்படி சொன்னேன். அண்ணி முழுதாகக் கேட்டார். பிறகு எழுந்து, கடை மூடுவதற்குள் ஜொகூர் பாருவுக்குப் போய்ப் புது ரப்பரும் பேரிங்கும் வாங்கிவரலாம், வண்டியை எடுங்கள் என்றார். அந்த வாரமே படகு ஆற்றில் இறங்கியது. அண்ணி தொழிற்சாலைக்குத் திரும்பவே இல்லை.

வருடங்கள் போய்விட்டன. வயது, அந்த வலது காதையும் மெல்ல எடுத்துக்கொண்டது. ஆனாலும் இந்த ஆயுத பூசைக்கும் அண்ணிதான் மஞ்சள் கைப்பிடியைக் கவ்விக்கொண்டு எஞ்சினைக் கேட்டார். ரப்பர்மேல் இருந்த சிப்பிகளை நான் நகத்தால் எடுத்தேன். கேட்டு முடித்துவிட்டு, என்ன என்பதுபோல் என்னைப் பார்த்தார். எந்தப் பக்கம் நின்று பேசினாலும் அவருக்கு இப்போது ஒன்றுதான். நான் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போய் நின்றேன்.