இருபது நிமிஷம்

ஜன்னத்துல் பிர்தௌஸ் சுற்றும் பீடியில் ஒன்றைக்கூடக் கம்பெனிக்காரர்கள் குறை சொல்லிக் கழிக்க முடியாது. மேலப்பாளையத்தில் அப்படி ஒரு கை. அந்தக் கைதான் மாதம் ஓரிரு முறை கோணிக்கொண்டு, ஆளையே கீழே தள்ளிவிடும். மாமியார் வீட்டில் அதற்கு வைத்த பெயர் நடிப்பு. வேலைக்குப் பயந்து விழுகிறாளாம்! நாக்கைக் கடித்து ரத்தம் வரவைத்து யாராவது நடிப்பார்களா? புருஷனும் தாய் பேச்சைப் பிடித்துக்கொண்டு, "ஆஸ்பத்திரிக் காயிதத்தோட வா" என்று உம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டுப் போய்விட்டான். நாலு மாதமாகிறது.

தலைக்கு எடுத்த படத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் டாக்டர் ஒரு வழி சொன்னார். வலிப்பு வந்த கையோடு ரத்தத்தில் ஒரு சுரப்பு ஏறி நிற்கும்; இருபது நிமிஷத்துக்குள் ரத்தம் எடுத்தால் நடிப்பில்லை என்று சொல்ல ஓர் ஆதாரம் கிடைக்கும், நேரமானால் இறங்கிவிடும் என்றார். லேப் தெருமுனையில்தான் இருந்தது. "நீ விழுந்த உடனே ஆட்டோல போட்டுட்டுப் போயிருவேன்" என்றாள் உம்மா மைமூன்.

செவ்வாய்க்கிழமை வலிப்பு வந்துவிட்டது. மதியம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு கேட்டுப் பீடித் தட்டைக் கீழே வைத்ததுவரைதான் ஜன்னத்துக்கு நினைவு. மறுநாள் லேப் காயிதம் வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறதாம். அழுதபடி அதை மடிக்கும்போதுதான் ஓரத்தில் இருந்த நேரத்தைப் பார்த்தாள். ரத்தம் எடுத்தது இரண்டேகாலுக்கு. பாங்கு சொன்னது பன்னிரண்டரைக்கு.

"உம்மா, அம்புட்டு நேரம் என்னைய எங்கன வச்சிருந்த?"

மைமூன் அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை. "இங்கனதான். கதவச் சாத்திட்டு மடியில போட்டுட்டு இருந்தேன். ஞாயித்துக்கிழமை அஸ்ஃபியாவப் பொண்ணு பாக்க வாராக. நீ நடிக்கன்னு சொன்னா அது ஒன்னோட போயிரும். வலிப்புன்னு காயிதம் வந்தா ஒன் தங்கச்சிய எவன் கட்டுவான்?"

"அப்போ நான் நடிக்கலன்னு ஒனக்குத் தெரியும்."

"தெரியாமயா? நாலு மாசமா ஒன்னையப் பிடிச்சிட்டு இருக்கது நான்தானட்டி."

மாமியார் பேச்சுகூட இப்படிச் சுட்டதில்லை. அவள் தெரியாமல் பேசினாள். பெற்றவள் தெரிந்தே கழுத்தறுத்தாள்.

மறுநாள் காலையில் லேபைத் திறக்க வந்த டெபோரா, படியில் பீடித் தட்டோடு உட்கார்ந்திருந்த ஜன்னத்தைப் பார்த்து, "யாருக்குக்கா டெஸ்ட்?" என்று கேட்டாள்.

"எனக்குத்தான். என்னைக்கு வரும்னு தெரியாது. வார வரைக்கும் இங்கன இருந்தே சுத்துதேன்."