சிவப்புப் பொத்தானை அழுத்தினால்

நான் செய்கிற வேலை என்ன என்று என் மாமியாரிடம் சொல்ல முயன்று பல தடவை தோற்றிருக்கிறேன். கணினியில் எந்த மென்பொருளைத் திறந்தாலும் ஒரு சன்னல் வரும். அதில் பொத்தான்கள், எழுதுகிற கட்டம், மெனு எல்லாம் இருக்கும். அவற்றை ஒவ்வொருவரும் முதலிலிருந்து செய்துகொண்டிருக்க முடியாது. நாங்கள் செய்து வைத்திருப்பதை எடுத்துப் போட்டுக்கொண்டால், ஒரே நிரலுக்கு விண்டோஸ், லினக்ஸ், ஆப்பிளின் மேக் என்று மூன்று வகைக் கணினியிலும் சன்னல் திறக்கும். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், திருத்தியும் அனுப்பலாம். பல நாடுகளில் இருக்கும் சிலர் சேர்ந்து இதைச் செய்கிறோம். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. "அப்ப ஒன் ஆபீஸு எங்கிட்டுத்தான் இருக்கு?" என்பார் மாமியார். அதற்கு மேல் பேச்சு நகராது.

இதில் மேக் பக்கம் என் பொறுப்பு. அதை முன்பு பார்த்துக்கொண்டிருந்தவர் விலகிப் போன சமயத்தில் நான் ஒரு சின்னத் திருத்தம் அனுப்பினேன். பிறகு இன்னொன்று. அதோடு மேக் என்று எது வந்தாலும் என் தலையில் கட்டிவிட்டார்கள். ஆலங்குடியில் என் வீட்டில் இருப்பதோ லினக்ஸ் போட்ட பழைய மடிக்கணினி. மேக்கை நான் தொட்டதுகூட இல்லை. கையேடுகளைப் படித்து எழுதுவேன். எழுதியதை இணையத்தின் மறுமுனையில் ஏதோ ஒரு நிறுவனத்தின் மேக் தானே ஓட்டிப் பார்த்துவிட்டு, பிழை இல்லையென்றால் பச்சை டிக் காட்டும்; சன்னல் எப்படி இருக்கிறது என்று காட்டாது. அளவு ஜாக்கெட்டை மட்டும் வைத்துக்கொண்டு, ஆளையே பார்க்காமல் தைப்பது போலத்தான். இருந்தாலும் சில வருடம் நன்றாகவே ஓடியது.

சிக்கல் ஒரு பொத்தானில் வந்தது. மேக்கில் சன்னலின் இடது மூலையில் சிவப்பாக ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் சன்னல் மூடும். ஆனால் மென்பொருள் போகாமல் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது, இது பிழை என்று ஒருவர் எழுதினார். மென்பொருளும் போகும்படி மாற்றினேன். உடனே இன்னொருவர், மேக்கில் அது அப்படி இருப்பதுதான் முறை, யாரைக் கேட்டு மாற்றினீர்கள் என்று பொரிந்தார். திரும்ப மாற்றினேன். முதலாமவர் மறுபடி வந்தார். இருவரும் விடாக்கண்டன்கள். எனக்கோ எது சரி என்று உண்மையிலேயே புரியவில்லை. ஒன்றை மூடிய பிறகும் அது இருக்கிறது என்றால், மூடியது எதை?

கடைசியில் குழுவின் தலைமையில் இருப்பவர் பொறுமை இழந்தார். இந்தப் பக்கம் ஒரு நிலைக்கு வராவிட்டால் அடுத்த வெளியீட்டில் மேக்கையே நீக்கிவிடலாம் என்று எழுதிவிட்டார். நீக்குவதென்றால் நான் எழுதிய அத்தனையும் போகும். படித்துவிட்டு அன்று முழுக்க அதையே புலம்பிக்கொண்டிருந்தேன். "காசு பணம் இல்லாத வேலைக்கு இப்படி ஒரு கவலையா?" என்றார் கணவர். அவர் கேட்டதில் தப்பில்லை, ஆனால் அவர் மேல்தான் எரிந்து விழுந்தேன்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கும் ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் செய்ய ஒரு மேக் வைத்திருக்கிறார்கள் என்று அவர்தான் சொன்னார். எங்கள் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவருடைய கடை. மறுநாள் காலை கடை திறந்ததும் போய் நின்றேன்.

"வாங்க தங்கச்சி. பாஸ்போர்ட் சைஸா?"

"இல்லண்ணே, ஒங்க கம்ப்யூட்டர்ல ஒண்ணு பாக்கணும்."

மாலை போட்ட ஒரு ஜோடியைத் திரையிலிருந்து ஒதுக்கிவிட்டு எனக்கு இடம் கொடுத்தார். உட்கார்ந்ததும் கை ஓடவில்லை. மெனு சன்னலில் இல்லாமல் திரையின் உச்சியில் போய் உட்கார்ந்திருந்தது. அதை அங்கே வைக்க நிரல் எழுதியவளே நான்தான், ஆனாலும் தேடினேன். சோதித்துப் பார்ப்பதற்கென்று நாங்கள் செய்து வைத்திருக்கும் சின்ன மென்பொருளை இறக்கித் திறந்தால், இதைச் செய்தவர் யாரென்று சரிபார்க்க முடியவில்லை, திறக்க மாட்டேன் என்றது மேக். செய்தவள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன்! "அது எல்லாத்தையும் அப்பிடித்தான் சொல்லும்" என்று ஸ்டுடியோக்காரர் எங்கோ போய் எதையோ தட்டித் திறந்துவிட்டார்.

சன்னல் வந்தது. என் சன்னல். பொத்தான்கள் வரிசையாக, எழுத்து பளிச்சென்று, எங்கும் ஒரு கோணல் இல்லை. கண் கலங்கிவிட்டது, அவர் பார்க்காதபடி துடைத்துக்கொண்டேன். பிறகு சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். சன்னல் போயிற்று. திரையின் கீழே மென்பொருள்களின் குட்டிப் படங்கள் நிற்கும் வரிசையில் எங்களுடையதற்கு அடியில் ஒரு சிறு புள்ளி மட்டும் நின்றது. ஓடுகிறது என்பதற்கு அடையாளம். அவருடைய மற்ற மென்பொருள்களில் அழுத்திப் பார்த்தாலும் பெரும்பாலும் அதே கதைதான். சரி, இதுதான் இந்த ஊர் வழக்கம் என்று மனசு கொஞ்சம் தெளிந்தது. அப்போதுதான் கவனித்தேன், அந்த வரிசை முழுக்கப் புள்ளிகள்.

"அண்ணே, ஏன் இத்தனையைத் தொறந்து வச்சிருக்கீங்க?"

"எதைத் தங்கச்சி? எல்லாத்தையும் மூடிட்டேனே."

"சன்னலைத்தான் மூடியிருக்கீங்க. ப்ரோக்ராம் எல்லாம் உள்ள ஓடிக்கிட்டு இருக்கு."

அவர் திரையை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அப்ப இவ்வளவு நாளும் நான் மூடுனது எதுவுமே மூடலையா? செவப்ப அமுக்குனா போயிரணும்ல? பெறகு எதுக்கு அந்தப் பொத்தான்?"

தெளிந்த மனசு மறுபடி கலங்கியது. வருடக்கணக்கில் இந்த இயந்திரத்தில் பிழைப்பு நடத்துகிறவர் முதலாமவர் பக்கம் பேசுகிறார். இயந்திரமோ இரண்டாமவர் பக்கம் நிற்கிறது. உள்ளே ஓடிக்கொண்டிருந்தவற்றை ஒவ்வொன்றாக மெனுவில் போய் முறைப்படி நிறுத்தினேன். மிஷின் வேகமாகிவிட்டது என்று அவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து குழுவுக்கு எழுதினேன். ஒரு ஸ்டுடியோவில் ஓட்டிப் பார்த்தேன், சன்னல் ஒழுங்காகத் திறக்கிறது, மூடும் விஷயத்தில் இயந்திரத்தின் வழக்கமும் மனிதரின் எதிர்பார்ப்பும் வேறுவேறாக இருக்கின்றன என்று. என் திருத்தங்களையெல்லாம் இத்தனை வருடம் படித்து ஒப்புதல் தந்தவரிடமிருந்து முதலில் பதில் வந்தது. ஸ்டுடியோவுக்கு ஏன் போனீர்கள், உங்கள் மேக் பழுதாகிவிட்டதா என்று கேட்டிருந்தார். என்னிடம் என்றைக்கும் மேக் இருந்ததில்லை என்று எழுதினேன். என்னிடமும் இல்லை, நீங்கள் ஓட்டிப் பார்த்திருப்பீர்கள் என்று நம்பித்தான் ஒப்புதல் கொடுத்தேன் என்றார். அவர் ஒப்புதல் கொடுத்ததால்தான் நான் சரியென்று நம்பியிருந்தேன். வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று தலைமையில் இருப்பவர் கேட்டார். ஒவ்வொருவராக இல்லை என்று எழுதினார்கள்.

அப்படியானால் நம்மில் அதைக் கண்ணால் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான், வைப்பதா நீக்குவதா நீங்களே சொல்லுங்கள் என்று தலைமையில் இருப்பவர் எழுதிவிட்டார். வைக்கலாம் என்று யோசிக்காமல் எழுதினேன். அந்தப் பொத்தானை இன்னொரு தடவை உட்கார்ந்து பார்க்காமல் தொட மாட்டேன் என்றும் சேர்த்தேன். சரி, நீக்கவில்லை, எப்போது பார்ப்பீர்கள் என்று சொல்லுங்கள், அதுவரை வெளியீடு நிற்கட்டும் என்றார்கள். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரி எழுதக் கை வரவில்லை. மேக்கைப் பார்க்காமல் எழுதிய காலத்தில் இந்தப் பயம் எனக்கு இருந்ததே இல்லை.

ஸ்டுடியோக்காரருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, மிஷின் எப்ப சும்மா இருக்கும்? நான் வாரேன்."

"இப்ப முகூர்த்தக் காலம் தங்கச்சி, ஆல்பம் மலை மாதிரி கெடக்கு. ஆடி பொறக்கட்டும், நாள் முழுக்க ஒக்காந்து பாருங்க." கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்கு நீங்க சொல்லிட்டுப் போனதுலேருந்து நான் எதையுமே மூடுறதில்ல. எது மூடும், எது மூடாதுன்னு தெரியாம அந்தப் பொத்தான்ல கை வைக்கவே பயமா இருக்கு."

"எனக்குந்தான் அண்ணே" என்றேன்.