முடிச்சுக்கு ஒரு வால்

ஒரு நூல் துண்டு நீட்டிக்கொண்டிருந்தால் சித்ரகலாவுக்குச் சோறு இறங்காது. நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் நானும் அவளும் பதினாறு வருடமாக ஒரே செக்கிங் மேஜையில் நிற்கிறோம். நூல் வெட்டும் சின்னக் கத்தரியான ட்ரிம்மரை எடுத்துப் பிசிறை ஒட்ட நறுக்குவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவளைக் கவிழ்க்கப் பார்த்தது.

நின்று நின்று அவள் முழங்கால் தேய்ந்துவிட்டது. உட்கார்ந்து செய்யும் வேலையாகப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில்தான் ஆதிப் வந்து, மீன் பிடிக்கப் பொய்த் தவளை கட்டித் தர முடியுமா என்று அவளைக் கேட்டார். எங்கள் ஊர் ராயபுரத்தில் தூண்டில் சாமான் கடை வைத்திருப்பவர். புழு மாட்டாமல், நூலும் இறகும் கட்டிய பொய்த் தவளையை வீசி விரால் பிடிக்கிற ஃப்ளை ஃபிஷிங் பைத்தியம் அவருக்கு. விரால் லேசுப்பட்டதில்லை. பாய்ந்து கவ்வும், தலையை உதறும், இலைக்கு அடியில் இழுத்துக்கொண்டு ஓடும்.

சித்ரகலா கம்பெனியில் வெட்டிப் போட்ட லைக்ராத் துணியில் தவளைக்குக் கால் வைத்தாள். இலையில் மாட்டாதிருக்கக் கொக்கிக்கு முன்னால் நைலான் நரம்பை வளைத்துக் கட்டினாள். தவளையைத் தூண்டிலின் தங்கூசி நரம்பில் முடிந்து கொடுப்பதும் அவள் பொறுப்பு. இது நிலைத்தால் கம்பெனியை விட்டுவிடலாம் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆதிப் தொங்கிய முகத்தோடு வந்தார்.

"மூணு மீன் போச்சுங்கக்கா, தவளையோட. இனி ரெடிமேடே வாங்கிக்கலாம்னு இருக்கேனுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவளோ, "நரம்பு மிச்சம் இருக்குதுங்களா தம்பி?" என்று கேட்டு வாங்கிப் பார்த்தாள். நுனி சுருண்டிருந்தது.

"அறுந்திருந்தா இப்பிடிச் சுருளாதுங்க. முடிச்சு உருவியிருக்குது. நாளைக்கு நானும் வர்றனுங்க. ஒரே ஒரு தடவை."

மறுநாள் காலையில் சேவூர்ப் பக்கம் ஒரு குளத்துக்குப் போனோம். துணைக்கு நானும் போனேன். கரையில் உட்கார்ந்து எங்கள் கண் முன்னாலேயே முடிச்சுப் போட்டாள். சுற்றினாள், நுனியைக் கோத்தாள், இழுத்தாள். அடுத்த நொடி கை தானாகப் பைக்குள் போய் ட்ரிம்மரை எடுத்து, மிச்ச வாலை முடிச்சோடு ஒட்ட நறுக்கியது.

மூன்று பேரும் பார்த்தோம். நைலான் வழுக்கும். மீன் இழுக்கும்போது முடிச்சு இறுக, அந்த வாலில் கொஞ்சம் உள்ளே போகவேண்டும். போவதற்குத்தான் இவள் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லையே. நான் சிரித்துவிட்டேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பதினாறு வருசம் சோறு போட்ட கை, ஜெயசுதா."

"இன்னொண்ணு போடுங்கக்கா. நனைச்சு இறுக்குங்க," என்றார் ஆதிப்.

எச்சில் பட்டால் துணியில் கறையாகும் என்று கம்பெனியில் நூலை வாயருகே கொண்டுபோக விடமாட்டார்கள். அவள் தயங்கித்தான் முடிச்சை வாயில் வைத்து நனைத்தாள். மெல்ல இறுக்கினாள். ஒரு அரிசி நீளத்துக்கு வால் விட்டாள். பிறகு ட்ரிம்மரை என் கையில் திணித்தாள்.

ஆதிப் வீசினார். மூன்றாவது வீச்சில் தாமரை இலை ஓரம் தண்ணீர் வெடித்தது. அவர் கம்பைத் தூக்காமல் கையால் லைனை வெடுக்கென்று இழுத்துக் கொக்கியை ஏற்றினார். மீன் இலைக்கடியில் பாய்ந்தது. கம்பு வளைந்து நடுங்கியது. சித்ரகலா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "விட்றாத சாமி, விட்றாத" என்றாள். சொன்னது முருகனுக்கா முடிச்சுக்கா என்று தெரியவில்லை.

மீன் கரைக்கு வந்தது. முழங்கை நீள விரால். அவள் மீனைப் பார்க்கவே இல்லை, குனிந்து முடிச்சைப் பார்த்தாள். அரிசி நீள வால் பாதியாகக் குறைந்திருந்தது.

"பாரு, பாதிய உள்ள இழுத்திருக்குது. இதத்தான் நான் இத்தன நாளும் வெட்டி எறிஞ்சிருக்கேன்."

ஆதிப் விராலைத் தண்ணீரில் விட்டார். குழம்புக்கு ஆகிற மீனை விடுகிற மனுசனை என்ன சொல்ல.

"அம்பது கட்டிக் குடுங்கக்கா. வாலோட," என்றார்.

பஸ்ஸில் வரும்போது சித்ரகலா முழங்காலை நீவிக்கொண்டே சொன்னாள். "நாளைக்கு என்ற எடத்துல வேற ஆளப் போட்டுக்கச் சொல்லிரு."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நாளைக்குப் பக்கத்தில் யார் நிற்பார்களோ என்று அழுகையும் வந்தது. ட்ரிம்மரை எடுத்து நீட்டினேன். நீயே வைத்துக்கொள் என்றாள்.