ஒரு மணி நேரத்தில் மூன்று முறை

ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவு அம்மாவுக்கு மனப்பாடம். ஒரு கைபேசி நிறுவனத்தின் தளத்துக்குச் செயலி எழுதக் கையெழுத்துப் போடுகிறவர், அதைப் பற்றித் தெரிந்துகொண்ட எதையும் யாரிடமும் சொல்லக் கூடாது. அதே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட இன்னொருவரிடமும் கூடாது. மீறினால் கணக்கு மூடப்படும். கணக்கு போனால், மாத்திரை வேளையை மணியடித்து நினைவூட்ட அம்மா எழுதிய 'மருந்து மணி' விற்பனையிலிருந்து போய்விடும். சாப்பாட்டு மேசையில் தனியாக உட்கார்ந்து நான்கு வருடம் எழுதிய செயலி. வீடு ஓடியது அதில்தான்.

அம்மா இறந்து ஆறு வாரம் ஆகிறது. அவளைப் பற்றிச் சொல்ல ஒரு சனிக்கிழமை போதும்.

சனிக்கிழமைகளில் நூலகத்து மாடி அறையில் பதினோரு பேர் கூடுவார்கள். எல்லோரும் செயலி எழுதுகிறவர்கள், எல்லோரும் கையெழுத்துப் போட்டவர்கள். ஒருவர் விழுந்த குழியில் அடுத்தவரும் விழுந்து, தானே ஏறி வரவேண்டும் என்பது விதி. அதனால் தளத்துக்கு 'மாமியார்' என்று பெயர் வைத்துக்கொண்டு பேசினார்கள். வைத்தது அம்மாதான். "அவங்க உடைச்சா மண்குடம், நாம உடைச்சா பொன்குடம். வேற என்ன பேரு வைக்கிறது?" கைபேசி உறக்கநிலைக்குப் போனால் மாமியார் தூங்குகிறார். பிழை வந்தால் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒருநாள் நூலகக் காவலாளி அம்மாவை ஓரமாக நிறுத்திக் கேட்டார். "தப்பா நினைக்காதீங்கம்மா. பதினோரு பேருக்கும் ஒரே மாமியாரா?"

ஒன்பது நாள் மண்டையை உடைத்துக்கொண்டு அம்மா ஒன்றைக் கண்டுபிடித்தாள். உறங்கும் கைபேசியை ஒரு செயலி ஒரு மணி நேரத்தில் மூன்று முறைதான் எழுப்பலாம். நான்காவது மணி அடிக்காது. ஏன் அடிக்கவில்லை என்றும் தெரியவராது. குழுவுக்கு எழுதினாள்: "மாமியாரை மூணு தடவைக்கு மேல எழுப்பாதீங்க. அப்புறம் பேச்சே இருக்காது." 'ஒரு மணி நேரத்தில்' என்று எழுதவில்லை. எழுதினால் பூசணிக்காய் சோற்றுக்கு வெளியே தெரிந்துவிடும் என்று பட்டது.

அந்தச் சனிக்கிழமை கடைசி வரிசையில் நிறுவனத்து ஆள் உட்கார்ந்திருந்தார், கழுத்தில் அட்டையோடு. புதிய பதிப்பைப் பற்றிப் பேச வந்தவர். யாரும் வாய் திறக்கவில்லை. குழுவில் 'சந்தேகம்' என்று அழைக்கப்படுபவர் தாமதமாக வந்தார். எதையும் இரண்டு தடவை கேட்பதால் அந்தப் பெயர். அன்று அவர் உட்காரவில்லை.

"அக்கா, மூணு தடவைன்னா ஒரு நாளைக்குத்தானே?"

"என்ன பண்ணினீங்க தம்பி?" என்றாள் அம்மா.

"எங்க அண்ணிக்கு வலிப்பு மாத்திரை, நாலு வேளை. நானே ஒரு ஆப் எழுதிக் கொடுத்தேன். ஒரு நாளைக்கு மூணுதான்னு நினைச்சு, நாலாவது வேளைக்கு மணி வைக்கல. திரையில மட்டும் காட்டினேன். வியாழக்கிழமை அவங்க அதைப் பார்க்கல. நேத்து மாடிப்படியில வலிப்பு வந்து விழுந்துட்டாங்க. கை முறிஞ்சிருக்கு. உயிருக்கு ஒண்ணும் இல்ல." மூச்சு வாங்கினார். "எப்பவும் ரெண்டு தடவை கேட்பேன்ல? யார் காதுலயாவது விழுந்துடுமோன்னு இந்தத் தடவை கேட்கல."



காலையில் நான் சொல்லி அனுப்பியிருந்தேன். "அவங்க ஆள் வர்றார். வாயைத் திறக்காதம்மா. உன் வாய்தான் உனக்கு எமன்." அம்மா சரி என்று தலையாட்டியிருந்தாள்.

எழுந்து பலகைக்குப் போனாள். முதல் பேனா காய்ந்திருந்தது. அடுத்ததை எடுத்தாள். 'கைபேசி உறங்கும்போது, ஒரு மணி நேரத்தில் மூன்று முறை. ஒரு நாளைக்கு அல்ல. நான்காவது அடிக்காது.' கீழே தன் முழுப் பெயர்.

"மேடம், நாலாம் பிரிவு..." நிறுவனத்து ஆள் எழுந்துவிட்டார்.

"தெரியும் தம்பி. எழுதினதுல தப்பு இருக்கா? அதை மட்டும் சொல்லுங்க. இவர் இப்பவே போய் மணியை மாத்தணும்."

அவர் பலகையைப் பார்த்தார்.  "சரியா தப்பான்னுகூட நான் சொல்லக் கூடாது மேடம். நானும் கையெழுத்து போட்டிருக்கேன்."

"அடப்பாவமே, மாமியார் வீட்டுக்குள்ளயும் வாய்ப்பூட்டா?" என்றது ஒரு குரல்.

"பார்த்ததை நான் எழுதிக் கொடுத்தே ஆகணும்" என்றார் நிறுவனத்து ஆள், மெதுவாக.

"கொடுங்க. என் பேரை மட்டும் பிழையில்லாம எழுதுங்க."

வீட்டுக்கு வந்து, அதையே யாரும் படிக்கக்கூடிய ஒரு பொதுப் பக்கத்தில் போட்டாள். நான் கத்தினேன். "நாலு வருஷ உழைப்பும்மா!"

"தெரியும்டி. அந்தப் பொண்ணு கையை முறிச்சது என் ஒரு வார்த்தை. நான் எழுதாம விட்ட வார்த்தை."

புதன்கிழமை கணக்கு மூடப்பட்டது. மருந்து மணி மறைந்தது. ஐம்பத்து நான்கு வயதில் அம்மா மறுபடி ஓர் அலுவலகத்துக்குப் போனாள், மற்றவர்கள் எழுதிய நிரலில் பிழை பார்க்க.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு வரி வந்தது. 'மூன்று சரி. ஆனால் பேட்டரி இருபது சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் ஒன்றுதான்.' பெயர் போடும் இடத்தில்: மாமியார் பெற்ற பிள்ளை.

அம்மா இரண்டு தடவை படித்தாள். பிறகு சிரித்தாள். "இந்த வயசுல எனக்கு இன்னொரு புருஷனா?"

அப்படியே நம்பிவிடவில்லை. பழைய கைபேசியின் பேட்டரியை இறக்கிவிட்டு ஒரு ஞாயிறு முழுவதும் எதிரே உட்கார்ந்திருந்தாள். மணிக்கு ஒன்றுதான் அடித்தது. குறிப்பில் சேர்த்தாள்.

கணக்கு திரும்பி வரவே இல்லை. பக்கம் இருக்கிறது. அதில் 'ஒரு மணி நேரத்தில்' என்பது இரண்டு இடத்திலும் தடித்த எழுத்தில் இருக்கிறது.